ரெங்கத்து நிலமெல்லாம் ரெங்கம் மண் அல்ல

ஜொகூர், ரெங்கத்தை அடுத்த ஒரு தோட்டத்தின் நாற்றுப்பண்ணையில் 26 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்ற 57 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து பட்டணத்துக்கு வெளியே 3 ஏக்கர் நிலத்துக்கு விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டார்கள். மீதித் தொகை ஊழியர் சேமநிதியிலிருந்து வர வேண்டும். அடுத்த மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்து. முன்பு பால்மரம் நின்ற நிலம். மரங்களை வெட்டி இரண்டு வருடம் ஆகிறது. டுரியான் நட்டு, மரம் வளரும் வரை ஊடே வாழையும் காய்கறியும் போடலாம் என்பது குடும்பத்தின் திட்டம்.

விற்பவர் கொடுத்த தாளில் 'சிரி ரெங்கம், முதல் வகுப்பு மண்' என்று இருக்கிறது. மனத்திருப்திக்காக ஒரு பை மண்ணை அள்ளி ஆய்வுக்கூடத்தில் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். 4.3 (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) என்றும், மண்வகை 'அல்டிசோல்' என்றும் வந்திருக்கிறது. பேத்தி அகராதியைப் பார்த்து, அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்குக் 'கடைசி' என்று பொருள் சொன்னதிலிருந்து சகோதரிக்கு உறக்கமில்லை. "செத்த மண்ணுக்கா எங்கள் சேமிப்பைக் கொடுக்கப் போகிறோம்?" என்று கேட்கிறார். நாற்பது லோரி செம்மண் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கொழுந்தனார். நாலு மூட்டைச் சுண்ணாம்பும் வருடத்துக்கு மூன்று முறை கலப்பு உரமும் போதும் என்கிறார் உரக்கடைக்காரர். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "மேட்டின் ஓரத்தில் வெட்டினால் கோலிக்குண்டு போல் பழுப்புக் கல் வருகிறது, கீழ்மூலையில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், அங்கே மண் சாம்பல் நிறம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கடைசி வரிதான். 4.3 என்ற எண்ணுக்கு நீங்கள் பயப்படுகிறீர்கள். அதைப் பணமும் பொறுமையும் கொண்டு சரிசெய்துவிடலாம். கோலிக்குண்டுக் கல்லையும் தண்ணீர் நிற்கும் மூலையையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறீர்கள்; அவற்றை எந்த உரமும் சரிசெய்யாது. கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை அவைதான்.

பெயர் எங்கிருந்து வருகிறது

ஒரு மண் முதன்முதலாக எந்த ஊரில் விவரித்து எழுதப்பட்டதோ, பெரும்பாலும் அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிடுவது மண்ணியலாரின் வழக்கம். அப்படிப் பெயர் சூட்டிய மண்வகையை மலாயில் 'சிரி' என்பார்கள்; நாம் 'தொடர்' என்போம். செர்டாங், குவாந்தான், சிகாமட், மலாக்கா என்று ஊர்ப்பெயர் தாங்கிய தொடர்கள் பல உண்டு. உங்கள் ரெங்கமும் அப்படிப் பெயர் கொடுத்த ஊர்தான். அதற்காக ரெங்கத்தில் வெட்டும் மண்ணெல்லாம் ரெங்கம் தொடர் ஆகிவிடாது. பேராக்கில் கருங்கல் மலையடிவாரத்தில் ரெங்கம் தொடர் கிடைக்கும். ரெங்கத்திலேயே ஓர் ஓடையைத் தாண்டினால் வேறு தொடர் தொடங்கிவிடலாம்.

ரெங்கம் தொடருக்கென்று ஓர் இலக்கணம் இருக்கிறது. கருங்கல் மட்கி உண்டான மண் அது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். ஒரு மீட்டருக்கு மேல் ஆழம். நீர் தேங்காமல் வடியும். கீழே போகப் போகக் களி கூடும். ஈரமாக்கி விரலால் தேய்த்தால் களிக்கு நடுவே நொறுங்கிய கற்கண்டு போல் வெள்ளைப் படிக மணல் நெருடும். இரும்புச் சரளைக்கு இந்த இலக்கணத்தில் இடமில்லை. ஆகவே இரும்புச் சரளையான உங்கள் மேட்டோரத்துக் கோலிக்குண்டுகள், விற்பவருடைய தாள் முழு நிலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு முதல் சாட்சி. சாம்பல் மூலை இரண்டாவது சாட்சி.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு வரைபடத்தைப் பார்த்து எழுதியிருப்பார். 50,000-க்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் 3 ஏக்கர் அந்தப் படத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடிய ஒரு சதுரம். அவ்வளவு சிறிய இடத்தில் மேடும் சரிவும் பள்ளமும் வேறு வேறு மண் என்று அந்த அளவில் வரைந்த எந்தப் படமும் காட்ட முடியாது. இளவயதில் நானும் ஒரு வரைபடத்தை நம்பி ஒரு சரிவு முழுவதற்கும் கோக்கோ பரிந்துரைத்தேன். ஒரு முழம் ஆழத்தில் சரளைப் படலம் இருந்தது. நான்காம் ஆண்டு வறட்சியில் அந்தச் சரிவு மட்டும் காய்ந்தது. அந்த மரங்களை வைத்துத் தண்ணீர் சுமந்தவர்களின் முகங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. அதன் பிறகு குழி வெட்டிப் பார்க்காமல் எந்த நிலத்துக்கும் நான் பரிந்துரை எழுதியதில்லை.

'முதல் வகுப்பு' என்ற சொல்லையும் கவனியுங்கள். நம் நாட்டில் மண்ணின் பயிர்த்தகுதியை ஐந்து வகுப்புகளாகப் பிரிப்பது வழக்கம். சரிவு, வடிகால், ஆழம், சரளை என்று ஒவ்வொரு தடையாக எண்ணி வகுப்பைத் தீர்மானிப்பார்கள். முதல் வகுப்பு என்றால் தடையே இல்லை, இருந்தாலும் சிறு தடைதான் என்று பொருள். தண்ணீர் நிற்கும் மூலை உள்ள நிலத்தை அப்படிச் சொல்ல முடியாது.

'கடைசி' என்று பெயர் வைத்தது ஏன்

பேத்தி அகராதி பார்த்தது சரி. 'அல்டிசோல்' என்பது கடைசி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அமெரிக்க மண்வகைப்பாடு உலகத்து மண் அனைத்தையும் 12 பெருவகைகளாகப் பிரிக்கிறது. அதில் இது ஒன்று. ஆயிரமாயிரம் ஆண்டு மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கழுவிக்கொண்டு போய், கழுவும் வேலை கிட்டத்தட்ட முடிந்த நிலையில் நிற்கும் மண் என்பதால் அந்தப் பெயர். விளைச்சல் முடிந்துவிட்டது என்று பொருளில்லை. அல்டிசோலும் அதற்கு அண்ணன் போன்ற ஆக்சிசோலும் சேர்ந்து மலேசிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 72 விழுக்காடு. நம் முன்னோர் பால் வெட்டியதும், நீங்கள் 26 வருடம் பையில் நிரப்பிக் கன்று வளர்த்து அனுப்பியதும் பெரும்பாலும் இந்த மண்ணில்தான். செத்த மண்ணாக இருந்தால் இந்த நாட்டில் தோட்டங்களே இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேல்மண்ணில் ஒரு பை அள்ளிக்கொடுத்தால், அதை வைத்து அல்டிசோல் என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. அடிமண்ணில் களி எவ்வளவு கூடுகிறது, அங்கே காரச்சத்துகள் (மேலே சொன்ன சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை) எந்த அளவில் எஞ்சியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் அந்தப் பெயரைச் சூட்ட முடியும். அறிக்கையில் அந்தச் சொல்லை வரைபடத்திலிருந்து எடுத்து எழுதியிருக்க வேண்டும். ஊகமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் பையிலிருந்து வந்த முடிவு அல்ல. மண்ணை வகைப்படுத்தும் வேலையில் நம்மவர் பங்கும் உண்டு என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். மலேசிய மண்வகைகளுக்கு நம் நாட்டுக்கே பொருந்தும் வகைப்பாட்டை உருவாக்க வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் எஸ். பரமானந்தன் என்ற மண்ணியலாளர்.

4.3-ஐ என்ன செய்வது

நம் மழைநாட்டு மேட்டுநிலங்களில் பி.எச். 4-க்கும் 5-க்கும் இடையே இருப்பது இயல்பு. ரப்பருக்கும் செம்பனைக்கும் அது பழகிய வீடு. அன்னாசியும் மரவள்ளியும் முகம் சுளிக்காமல் வளரும். சோளமும் நிலக்கடலையும் பெரும்பாலான காய்கறிகளும்தான் தவிக்கும். அவற்றை வாட்டுவது பெரும்பாலும் புளிப்பில் கரைந்து வரும் அலுமினியம். அது வேர்நுனியைக் குட்டையாக்கிவிடும்; ஈரம் இருந்தும் செடி குடிக்க முடியாமல் நிற்கும்.

அச்சப்பட வேண்டிய புளிப்பு வேறொன்று உண்டு. கடலோரச் சேற்று நிலங்களில் வடிகால் வெட்டும்போது, அடியில் உள்ள கந்தகப் படிவம் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாக மாறும். பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கும். வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரியும். கடலோரத்தில் நிலம் பார்க்கும் உறவினர் இருந்தால் சொல்லி வையுங்கள். உள்நாட்டு மேட்டில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

உங்கள் அறிக்கையில் அலுமினியம் 1.6 என்றும், கால்சியம் 0.4, மக்னீசியம் 0.15, பொட்டாசியம் 0.12 என்றும் இருக்கிறது. இந்த நான்கின் கூட்டுத்தொகையில் அலுமினியம் மட்டும் ஏழு பங்கு. மற்ற மூன்றும் சேர்ந்து மூன்று பங்கு. வெப்பநாட்டுப் புளிப்பு மண்ணுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: அலுமினிய எண்ணை ஒன்றரையால் பெருக்கினால் ஒரு ஹெக்டருக்கு எத்தனை டன் சுண்ணாம்பு வேண்டும் என்று தெரியும். உங்களுக்கு 2.4 டன், ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன், அதாவது 50 கிலோ மூட்டையில் இருபது. கடைக்காரர் சொன்ன நாலு மூட்டையை 3 ஏக்கருக்கு விசிறினால் மண்ணுக்குத் தெரியவே தெரியாது. இருபது மூட்டையையும் எல்லா ஏக்கருக்கும் போட வேண்டியதும் இல்லை. காய்கறிப் பாத்திகளுக்கு மட்டும், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூளாக வாங்கி, நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து காற்றில் போய்விடும்.

டுரியான் குழிகளுக்கு வேறு வழி. நாற்றுப்பைக்குக் கிறிஸ்துமஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட் போட்ட பழக்கம் உங்களுக்கு இருக்கும். அது கரைவதற்குப் புளிப்பு வேண்டும். சுண்ணாம்பு அதிகம் போட்ட இடத்தில் மந்தமாகிவிடும். ஆகவே மரக்குழியில் பாறைப் பாஸ்பேட், பாத்தியில் சுண்ணாம்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் பாக்கியிருக்கும் இன்னொரு எண் 6.2. சத்தைப் பிடித்து வைக்கும் கொள்ளளவு அது. உங்கள் மண்ணின் களஞ்சியம் சிறியது என்று அர்த்தம். வருடத்துக்கு மூன்று முறை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் அடுத்த மழையில் பாதி ஓடைக்குப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுங்கள். களஞ்சியத்தைப் பெரிதாக்கும் முக்கிய வழி மட்குதான். ஆலையில் காய் நீக்கிய செம்பனைக் குலைச் சக்கை கிடைத்தால் விடாதீர்கள். அதில் பொட்டாசியமும் தாராளம், வாழைக்கு அது விருந்து.

நாற்பது லோரி செம்மண்

கொழுந்தனார் சொல்வதன் வேர் எனக்குப் புரிகிறது. உங்கள் மாமனார் சேலத்துக்காரர் என்றும், 'செம்மண்ணில் எது போட்டாலும் வரும்' என்பார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. தமிழகத்துச் செம்மண் மழை குறைந்த நாட்டு மண். காரச்சத்து அதில் இன்னும் தங்கியிருக்கிறது. ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. இங்கே சிவப்பு என்பது இரும்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் நிறம் மட்டுமே. மஞ்சளும் அதே இரும்பின் இன்னொரு வடிவம். செம்மண், கரிசல், வண்டல், களர் என்று நம் முன்னோர் பிரித்தது அந்த ஊர் மழைக்கும் வெயிலுக்கும் சரியான வகைப்பாடு. அதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே அப்படியே வைத்தால் ஏமாற்றும்.

கணக்கையும் பாருங்கள். ஒரு லோரிக்குப் பத்துக் கனமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், நாற்பது லோரியை 3 ஏக்கரில் பரப்பினால் கனம் 3.3 சென்டிமீட்டர். அதுவும் மலையை வெட்டி எடுத்த அடிமண். மட்கு இல்லாதது, அலுமினியம் நிறைந்தது, நீங்கள் போடும் பாஸ்பேட்டைக் கவ்விக்கொண்டு விடாதது. அப்படி மண் வெட்டி எடுக்க நில அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். அது இல்லாத லோரியென்றால் உங்களுக்கும் தலைவலி. இந்தச் செலவை வேண்டாம் என்று நான் உறுதியாகவே சொல்கிறேன்.

கல்லும் சாம்பல் மூலையும்

அந்தக் கோலிக்குண்டுகள் இரும்பு திரண்டு இறுகிய செம்புரைச் சரளை. பிரான்சிஸ் புக்கானன் என்பவர் கேரளத்து அங்காடிப்புறத்தில், ஈரமாக வெட்டி வெயிலில் காயவைத்துச் சுவர் கட்டும் மண்கல்லைப் பார்த்து, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வைத்து, 1807-இல் வெளியான தம் நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். உங்கள் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் கொட்டியதும் இந்த இனம்தான். மலாக்கா தொடர் என்பது இத்தகைய சரளை மண்ணுக்குப் பேர்போனது. சரளை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டாம். அரை மீட்டருக்குள் நெருக்கமாக அடைத்துக்கொண்டிருந்தால் டுரியானின் வேர் தொட்டிச் செடியின் வேர்போல் சுருண்டுவிடும். மழை விட்ட மூன்றாம் வாரமே இலை வாடும். அந்தப் பகுதியில் மரவள்ளியோ அன்னாசியோ போடலாம். ஆனால் டுரியான் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

சாம்பல் நிறம் வந்தது நீரால். மண்ணில் காற்றே இல்லாமல் வெகுநாள் தண்ணீர் நின்றால் இரும்பு தன் நிறத்தை இழந்துவிடும். தண்ணீர் ஏறி இறங்கும் உயரத்தில் துருநிறப் புள்ளிகள் தெரியும். அங்கே டுரியான் வைத்தால் வேரழுகல் நோய் நிச்சயம் தேடி வரும். ஓரமாக வாய்க்கால் இழுத்து, மேட்டுப்பாத்தி கட்டினால் வாழை வரும். ஒன்றும் செய்யாமலே சேம்பும் கங்கோங் கீரையும் வரும். பாசனத்துக்கு ஒரு குட்டை வெட்டவும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இது வேறு மண் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற விலை பேசுவதுதான் முக்கியம்.

பழைய பால்மர அடிக்கட்டைகளையும் ஒரு கண் பாருங்கள். வெள்ளை வேர் நோயின் பூசணம் கட்டையில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். மரவள்ளிக்கும் பல பழமரங்களுக்கும் தாவும். வேரைத் தோண்டினால் வெள்ளை நூல் ஒட்டியிருப்பது தெரியும்.

கையெழுத்துக்கு முன் மூன்று குழிகள்

விற்பவரிடம் அனுமதி கேட்டு மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, கீழ்மூலையில் ஒன்று என மூன்று குழிகள் வெட்டச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் போதும். அனுமதி மறுத்தால் அதுவே ஒரு பதில். கீழ்மூலைக் குழியில் யாரும் தனியாக இறங்க வேண்டாம். ஈரமண் சுவர் சரியும்.

ஒவ்வொரு குழியிலும் மேலிருந்து கீழாக, நிறம் எங்கே மாறுகிறது, சரளை எந்த ஆழத்தில் தொடங்குகிறது, துருப்புள்ளி எங்கே வருகிறது, பழைய வேர்கள் எந்த ஆழத்தோடு நின்றுவிட்டன என்று அளவுநாடா பிடித்து எழுதுங்கள். ஒவ்வொரு படலத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்து நனைத்து, விரல்களுக்கிடையே நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். நாடா நீளமாக வந்தால் களி அதிகம். உடனே உதிர்ந்தால் மணல். நாற்றுப்பைக்கு மண் பொறுக்கிய உங்கள் விரல்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மண் ஆய்வாளர் களத்தில் செய்வதும் இதேதான். அவர் கையில் நிற அட்டை ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவே.

ஆய்வுக்கான மண்ணையும் மறுபடி எடுங்கள். மேட்டுக்கும் சரிவுக்கும் மூலைக்கும் தனித்தனிப் பை. ஒவ்வொன்றுக்கும் 15 முதல் 20 இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்துக் கலந்த மண்ணாக அது இருக்க வேண்டும். சரிவுக் குழியின் அடிமண்ணிலும் ஒரு பை கொடுங்கள். மாவட்ட விவசாயத் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சரளை ஆழத்தில் இருந்தால் வாங்குங்கள். அமிலத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஒரு ஏக்கர் சரளையும் அரை ஏக்கர் சாம்பல் மண்ணும் என்று தெரிந்தால், 'முதல் வகுப்பு' என்று எழுதிய அந்தத் தாளை மேசையில் வைத்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் மேலோட்டச் சரளை என்றால் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. முன்பணம் திரும்புமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ரசீதின் வாசகத்தைப் பொறுத்தது. அதையும், நிலப்பட்டாவில் உள்ள பயன்பாட்டு நிபந்தனைகளையும் குழி வெட்டும் அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். விற்பவரின் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குழிகளை மூடும்போது அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும் போடச் சொல்லுங்கள். வேலைக்கு வருபவர்கள் அவசரத்தில் தலைகீழாகத் தள்ளிவிடுவார்கள். அந்த இடத்தில் வெகுநாளைக்குப் புல்கூட ஒழுங்காக முளைக்காது.